கடனுக்குப் போட்ட கையெழுத்து என்கிறார் மாமன்

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கமுங்க. வெள்ளகோவில் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறேன். எங்களுக்கு மாமன் முறை ஆகிறவரிடம் 2 ஏக்கர் 40 சென்ட் பூமியை ஏக்கர் 35 லட்சம் வீதம் 84 லட்சத்துக்குப் பேசி, 2023 மார்ச் 15-ம் தேதி அக்ரிமென்ட் போட்டோம். அட்வான்ஸ் 15 லட்சம். அதில் 5 லட்சம் பேங்க் மூலம், 10 லட்சம் ரொக்கம். கெடு 11 மாதம். ரிஜிஸ்டர் செய்யவில்லை. "சொந்தத்துக்குள்ள எதுக்கு மாப்ள அந்தச் செலவு" என்றுவிட்டார். கெடு முடிகிற வாரத்தில் மகள் கல்யாணத்துக்கு என்று கேட்டார், இன்னும் 4 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். அக்ரிமென்ட் பின்பக்கத்தில் புரோக்கர் அதை வரவு எழுதி, கெடுவை ஆறு மாதம் நீட்டி எழுத, மாமா கையெழுத்துப் போட்டார். சாட்சி இரண்டு பேரில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் அதே புரோக்கர், இப்போது மாமா பக்கம் நிற்கிறார். ரோடு அகலமாகப் போகிறது என்ற பேச்சில் விலை ஏறிவிட்டது. "நான் வட்டிக்குத்தான் பணம் வாங்கினேன், வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டான்" என்று மாமா ஊரெல்லாம் சொல்லி வருகிறார். ஒரு மில்காரர் பூமியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ரிஜிஸ்டர் ஆகாத அக்ரிமென்ட் செல்லாது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். கேஸ் போட்டால் நிற்குமா? தறியை விட்டுவிட்டு என்னால் கோர்ட்டுக்கு அலைய முடியாது, மகனுக்குப் பவர் கொடுத்து நடத்தலாமா? நாலு பெரியவர்கள் உட்கார்ந்து பேசலாம், அசல் அக்ரிமென்ட்டைக் கொண்டு வா என்கிறார்கள். போகலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஜெராக்ஸின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படித்தேன். பதிவு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது. ஆனால் உங்கள் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் அந்த இடத்தில் இல்லை.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல், 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள சொத்தின் விற்பனை உடன்படிக்கையை எழுதினால் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவில் நம் மாநிலம் கொண்டுவந்த திருத்தம் அது. ஊரார் பயமுறுத்துவதற்கு அடிப்படை இதுதான். ஆனால் அதே சட்டத்தின் 49-வது பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. பதிவாகாத உடன்படிக்கையானாலும், அதை நிறைவேற்றித் தரச் சொல்லிப் போடும் வழக்கில் ஒப்பந்தம் நடந்ததற்குச் சாட்சியமாக அதை ஏற்கலாம். இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் அந்த விதிவிலக்கு உயிரோடு இருக்கிறதா என்று நம் மாநிலத்தில் பல வருடம் வாதம் நடந்தது. 2023 ஏப்ரலில் ஹேமலதா எதிர் கஸ்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு சொன்னது: இருக்கிறது, பதிவாகாத அக்ரிமென்ட்டையும் ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில், அதாவது ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கில், சாட்சியமாக வைக்கலாம். அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான், அக்ரிமென்ட்டும் 2012 திருத்தத்துக்குப் பிந்தையதுதான். உங்கள் வக்கீலிடம் இந்தப் பெயரைச் சொல்லுங்கள், போதும்.

பதிவு செய்யாததால் நஷ்டமே இல்லை என்று அர்த்தமில்லை. பூமியை உங்கள் சுவாதீனத்தில் வாங்கியிருந்தால், "அக்ரிமென்ட் இருக்கிறது, என்னை வெளியேற்றாதே" என்று சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 53-அ பிரிவைக் காட்டி நிற்க முடியாது. அதற்கு 2001-லிருந்தே பதிவு அவசியம். நீங்கள் சுவாதீனம் வாங்கவில்லை, ஆக அந்தக் கவலை இல்லை. பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் அக்ரிமென்ட் வில்லங்கச் சான்றில் (ஈசி) ஏறாது. மில்காரர் ஈசி போட்டுப் பார்த்தால் பூமி சுத்தமாகத் தெரியும். அதற்குப் பின்னால் வருகிறேன். இப்போது போய்ப் பதிவு செய்துவிடலாமே என்று கேட்காதீர்கள். எழுதிய நாளிலிருந்து நாலு மாதம், அபராதத்தோடு இன்னும் நாலு மாதம், அவ்வளவுதான் அவகாசம்.

இனி மாமா சொல்கிற கதைக்கு வருவோம். "வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து" என்ற பதில் நம் பக்கத்துக் கோர்ட்டுகளில் அன்றாடம் கேட்கிற பதில். சில வழக்குகளில் அது உண்மையாகவும் இருக்கும். வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் அக்ரிமென்ட் என்ற பெயரில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதானே. அதனால் நீதிபதி இதைச் சிரித்துத் தள்ளமாட்டார். எழுத்தில் இருப்பதற்கு மாறாக வாய்மொழிச் சாட்சியம் சொல்லக்கூடாது என்ற விதி இதைத் தடுத்துவிடும் என்றும் நம்பாதீர்கள். இந்தப் பத்திரமே விற்பனைக்காக எழுதியதல்ல, பெயருக்கு எழுதியது என்று காட்ட வாய்மொழிச் சாட்சியம் சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

ஆனாலும் மாமாவின் கதையில் உங்களுக்கு ஒரு லாபம் ஒளிந்திருக்கிறது. கையெழுத்து தன்னுடையதில்லை என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால், கையெழுத்தை நிரூபிக்கிற முழுச் சுமையும் உங்கள் தலையில் விழும். அக்ரிமென்ட்டும், 2023 வாக்கில் அவர் வேறு இடங்களில் போட்ட கையெழுத்துகளும் தடய அறிவியல் துறைக்குப் போய்த் திரும்புவதற்குள் தறியில் எத்தனையோ பாவு ஓடி முடிந்துவிடும். கையெழுத்து என்னுடையது, பேப்பர்தான் காலி என்று சொன்னால், பேப்பர் காலியாக இருந்தது என்பதை அவர்தான் காட்ட வேண்டும். அதனால் வழக்குக்கு முன்பே ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். ஊரில் திண்ணையில் சொல்வதை அவர் வக்கீல் மூலம் பதில் நோட்டீஸாக எழுதட்டும். எழுதிவிட்டால், பிறகு கோர்ட்டில் வந்து "அது என் கையெழுத்தே இல்லை" என்று மாற்றிப் பேசினால் எடுபடாது. பதிலே போடாவிட்டால் அந்த மௌனமும் உங்களுக்குத்தான் உதவும்.

பேப்பர் காலியாக இருந்ததா என்பதை அந்தப் பேப்பரே பாதி சொல்லிவிடும். காலிப் பேப்பரில் கையெழுத்து வாங்கிப் பிறகு டைப் செய்தவர்கள், கையெழுத்துக்கு மேலே வாசகத்தை முடிப்பதற்காகக் கடைசிப் பக்கத்தில் வரிகளை நெருக்கி அடித்திருப்பார்கள், அல்லது இடத்தை நிரப்ப அகலமாக விட்டிருப்பார்கள். உங்கள் நகலில் மூன்று பக்கமும் ஒரே இடைவெளி. கையெழுத்து ஒவ்வொரு பக்கமும் கடைசி வரிக்குக் கீழே இயல்பாக விழுந்திருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவைத் திருத்திய இடத்தில் மாமா சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அதைக் கவனித்தீர்களா? காலிப் பேப்பரில் திருத்தம் எங்கிருந்து வரும்? என்னைக் கேட்டால் உங்கள் கையில் இருக்கும் நல்ல சாட்சி அந்தச் சின்னக் கையெழுத்துதான்.

அடுத்தது சொத்து விவரம். கிணற்றில் நாலில் ஒரு பங்கு, நாலு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியம், 5 ஹெச்.பி. மோட்டார், மின் இணைப்பு எண், தெற்கே இருக்கும் பொதுத் தடத்தில் வண்டி வாகனம் போக வர உரிமை எல்லாம் எழுதியிருக்கிறது. கடனுக்கு ஈடாகக் கையெழுத்து வாங்குகிற எவனும் கிணற்று முறையை எழுதுவதில்லை. அந்த விவரம் பூமிக்காரர் சொன்னால்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். குறுக்கு விசாரணையில் உங்கள் வக்கீல் மாமாவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தண்ணீர் முறை நாலு நாளைக்கு ஒன்று என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்பதுதான்.

ஸ்டாம்ப் பேப்பர் யார் பெயரில், எந்தத் தேதியில், எந்த வெண்டரிடம் வாங்கியது என்பது அதன் பின்புறத்திலேயே இருக்கும். அவர் பெயரில் வாங்கியிருந்தால் நல்லது. பேப்பர் பழைய தேதியாக இருந்தால் அதனாலேயே அக்ரிமென்ட் செல்லாமல் போகாது. ஆறு மாதக் கணக்கு, உபயோகிக்காத பேப்பரைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கணக்கு. 2008-ல் உச்ச நீதிமன்றம் இதையும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தீர்வை குறைவாக இருந்தால் குறைவையும் அபராதத்தையும் கட்டிச் சரிசெய்யலாம். அபராதம் குறைவுத் தொகையைப் போல் பத்து மடங்கு வரை போகலாம், எனவே வக்கீலிடம் முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாட்சி ஒருவர் இறந்ததும் இன்னொருவர் கட்சி மாறியதும் நீங்கள் நினைக்கிற அளவுக்குப் பெரிய அடியில்லை. உயில், தானப் பத்திரம் மாதிரி சாட்சிக் கையெழுத்து இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் விற்பனை அக்ரிமென்ட்டுக்குக் கிடையாது. மாமா கையெழுத்துப் போட்டதை நேரில் பார்த்த யாரும் சொல்லலாம். டைப் செய்து கொடுத்த பத்திர எழுத்தர் சொல்லலாம், அவர் உரிம எண்ணோடு முத்திரை வைத்திருக்கிறார். அன்றைக்கு உங்களோடு வந்த உங்கள் வீட்டம்மாவும் சொல்லலாம். புரோக்கரை மட்டும் உங்கள் சாட்சியாகக் கூண்டில் ஏற்றாதீர்கள். பின்பக்க வரவு அவர் கைப்பட எழுதியதுதான். அவரை மாமா தன் சாட்சியாகக் கூட்டி வரட்டும். வந்தால் அந்த எழுத்தை அவர் கண்முன்னே நீட்டி, "இது யார் எழுதியது" என்று உங்கள் வக்கீல் கேட்கலாம்.

"வட்டிக்கு வாங்கின பணம்" என்பதை நொறுக்கவும் செய்யலாம், நிலைநிறுத்தவும் செய்யலாம், இரண்டுமே உங்கள் பேங்க் ஸ்டேட்மென்ட்டில்தான் இருக்கிறது. 2023 மார்ச்சிலிருந்து மாமாவிடமிருந்து உங்கள் கணக்குக்கோ, வீட்டம்மா கணக்குக்கோ, கூகுள் பேயிலோ மாதா மாதம் ஏதாவது பணம் வந்திருக்கிறதா? வேறு கொடுக்கல் வாங்கலுக்கு வந்திருந்தாலும் வக்கீலிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். எதிர்ப்பக்கம் அதை எடுத்து நீட்டும்போது உங்கள் வக்கீல் முதல்முறையாகப் பார்க்கிற நிலை வரக்கூடாது. மாறாக, நீங்கள் ஈசி போட்டது, மூலப்பத்திர நகல் வாங்கி லீகல் பார்த்தது, சர்வேயரை வைத்து அளந்தது, இவற்றுக்கு ஒரு ரசீதாவது இருந்தால் தேடி எடுங்கள். கடன் கொடுத்தவன் பூமியை அளக்கமாட்டான்.

ரொக்கம் 10 லட்சமும் 4 லட்சமும் கொஞ்சம் சிக்கல். சொத்து அட்வான்ஸை 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்று வருமான வரிச் சட்டம் 2015 ஜூனிலிருந்து சொல்கிறது. அபராதம் வாங்கினவருக்கு, வாங்கின தொகை அளவுக்கே. கொடுத்தவரும் வாங்கினவரும் விவசாய வருமானக்காரர்களாக இருந்து, இருவருக்குமே வரி கட்டுகிற வருமானம் இல்லாவிட்டால் மட்டும் விலக்கு உண்டு. தறி வைத்திருக்கிற உங்களுக்கு அது பொருந்துமா என்று ஆடிட்டரைக் கேளுங்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. சொத்து விற்பனையில் 2 லட்சமும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கொடுத்தேன் என்று வழக்குப் போட்டால், கோர்ட் அதை வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்களிடமும் கேட்பார்கள். தேங்காய்ப் பருப்பு விற்றதற்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து ரசீது, நகை அடகு வைத்த சீட்டு, பேங்கிலிருந்து எடுத்ததற்குப் பதிவு என்று தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். கோர்ட்டிலும் அதே காகிதங்கள்தான் பணம் கைமாறியதற்கு ஆதாரம். பேசினது 84-க்கு மேல், எழுதினது 84 என்ற சமாச்சாரம் ஏதாவது இருந்தால் அதை மறந்துவிடுங்கள். எழுதின விலைக்கு மேல் வாயால் சொல்லி எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது.

இப்போது எனக்குக் கவலை தருகிற இடம். உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் 2024 ஆகஸ்ட்டுக்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி இல்லை. கிரயம் வாங்க நான் கடைசிவரை தயாராக இருந்தேன், மனமும் இருந்தது, பணமும் இருந்தது என்று வாதி நிரூபித்தால்தான் இந்த வழக்கில் பரிகாரம் கிடைக்கும். இந்த வகை வழக்குகளுக்கான சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகும் இந்த நிபந்தனை போகவில்லை. நான் பார்த்தவரை, பதிவாகாத அக்ரிமென்ட்டால் தோற்றவர்களைவிட இதில் தோற்றவர்கள்தான் அதிகம். பாக்கி 65 லட்சம். அதோடு முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம் சேர்த்து 9 சதவீதம், 84-க்கு ஏழரை லட்சத்துக்கு மேல். ஆக ஏறக்குறைய 72 லட்சம் உங்களால் புரட்ட முடிந்திருக்கும் என்று காட்ட வேண்டும். நோட்டுக் கட்டைக் கொண்டு போய் மேசையில் வைக்க வேண்டியதில்லை. கோர்ட் சொல்லாமல் டெபாசிட் கட்டவும் வேண்டாம். டெபாசிட், ஓ.டி. வரம்பு, லோன் சாங்ஷன் கடிதம், இன்னொரு சொத்தை விற்க எடுத்த முயற்சி என்று எதுவானாலும் சரி, ஆனால் அது 2023–24-ல் இருந்ததாக இருக்க வேண்டும். இன்றைக்குக் கணக்கில் பணம் இருப்பது அன்றைக்கு இருந்ததற்குச் சாட்சியாகாது.

மாமாவுக்கு நீங்கள் அனுப்பிய வாட்ஸப் செய்திகளைத் தேடுங்கள். "மாமா, பணம் ரெடி, எப்ப ரிஜிஸ்டர் வெச்சுக்கலாம்" என்று 2024 ஜூலையில் ஒரு வரி இருந்தாலும், "கல்யாணக் கடன் தீரட்டும் மாப்ள" என்று அவர் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தாலும் அது தங்கம். அந்த போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். 2024 ஜூலை 1-லிருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவுக்கு உங்களிடமிருந்து ஒரு சான்றிதழும் நிபுணரிடமிருந்து ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள்.

அப்படி ஒன்றுமே இல்லை, விலை ஏறுகிறதா என்று நீங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள் என்றால், அதையும் வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். மூன்று வருடக் காலவரம்பு இருக்கிறது என்பதற்காக வாங்குபவர் ஒன்றிரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டு வழக்குப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் கடுமையாகச் சொல்லியிருக்கிறது. அந்த நிலையில் உங்கள் உண்மையான இலக்கு 19 லட்சத்தை வட்டியோடு திரும்ப வாங்குவதாக இருக்கலாம். எப்படியானாலும் பணத்தைத் திருப்பித் தரும் பரிகாரத்தை மாற்றுக் கோரிக்கையாக வழக்கிலேயே எழுதச் சொல்லுங்கள். கேட்காததைக் கோர்ட் தராது.

காலவரம்பு என்றதும் ஒன்று. கெடு தேதியிலிருந்து மூன்று வருடம். பின்பக்க வரவை நம்பினால் கெடு 2024 ஆகஸ்ட் வரை, வழக்குக்கு 2027 ஆகஸ்ட் வரை நேரம் இருப்பதுபோல் தோன்றும். அந்தப் பின்பக்கக் கையெழுத்தை மட்டும் மாமா உடைத்துவிட்டால் கெடு 2024 பிப்ரவரி 14-லேயே முடிந்ததாகிவிடும். முன்பக்கத்தை நிரூபித்தாலும் பின்பக்கம் தானாக நிரூபணமாகாது, அது தனி எழுத்து, தனிச் சாட்சியம் வேண்டும். ஆகவே 2027 பிப்ரவரி 14-தான் உங்கள் கடைசி நாள் என்று வைத்துக்கொண்டு, அதற்கு வெகு முன்னாலேயே வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். கோர்ட் கட்டணம் விலை முழுவதற்கும் 3 சதவீதம், அதாவது 2 லட்சத்து 52 ஆயிரம். அதையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

மில்காரர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அக்ரிமென்ட் பற்றித் தெரியாமல், நல்லெண்ணத்தோடு, விலை கொடுத்து அவர் கிரயம் வாங்கிவிட்டால் அவர்மேல் உங்களால் எதுவும் செய்ய முடியாது. தெரிந்தே வாங்கினால் அவரையும் கட்டுப்படுத்தலாம். அதனால் மாமாவுக்குப் போகும் நோட்டீஸின் நகல் ஒன்று மில்காரருக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் போக வேண்டும். பத்திரிகை அறிவிப்பும் கொடுக்கலாம். சார்பதிவாளரிடம் மனு கொடுத்துவிட்டால் பதிவு நின்றுவிடும் என்று சிலர் சொல்வார்கள். கோர்ட் தடை உத்தரவு இல்லாமல் அதை நம்பி உட்காராதீர்கள். வழக்கோடு தடை மனுவும் சேர்த்துப் போட வேண்டும். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்பது உங்களுக்குக் கூடுதல் பலம். போலீசுக்குப் போகாதீர்கள், இது சிவில் என்று அனுப்பிவிடுவார்கள்.

மகனுக்குப் பவர் கொடுத்து வழக்கை நடத்தலாம். ஆனால் கூண்டில் நீங்கள்தான் ஏற வேண்டும். பேசியது நீங்கள், கொடுத்தது நீங்கள், தயாராக இருந்தேன் என்று சொல்ல வேண்டியதும் நீங்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயத்தைப் பவர் ஏஜென்ட் சாட்சி சொல்ல முடியாது. குறுக்கு விசாரணைக்குச் சில நாட்கள் தறியை ஆளிடம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

பெரியவர்கள் பேச்சுவார்த்தைக்குத் தாராளமாகப் போங்கள், சொந்தம் அறாமல் முடிந்தால் நல்லதுதான். வழக்குப் போட்ட பிறகு சமரசத்துக்கு அனுப்பி அங்கே முடிந்தால்கூட கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் போகும்போது ஜெராக்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். அசலை யார் கேட்டாலும், எந்தப் பெரியவர் கேட்டாலும், கையில் கொடுக்காதீர்கள். அதில் புதிதாக ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். கசங்குகிறதே என்று லேமினேட் செய்துவிடாதீர்கள். மையையும் கையெழுத்தின் அழுத்தத்தையும் பார்க்க வேண்டி வந்தால் பிளாஸ்டிக்குக்கு மேலே எதுவும் தெரியாது. ஒரு கவரில் தட்டையாகப் போட்டு பேங்க் லாக்கரில் வைத்துவிட்டு, மறுநாளே வக்கீலைப் பார்த்து நோட்டீஸுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.